அப்புச்சி வீட்டு டிராக்டர்

1995 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. தறிக்கு விடுமுறை. காலையில் பால் வாங்கி வந்தேன். அம்மா தெளித்த வாசல் காய்வதற்குள் கோலம் போட்டேன். எட்டு மணிக்கு இட்லி. சோமனூரில் எங்கள் வீட்டு ஞாயிறு இப்படித்தான் தொடங்கும். அதன் பிறகு பெரியப்பா காரைக் கழுவுவார். வாரம் ஒருமுறை கழுவும் அளவுக்கு அந்தக் கார் எங்கும் போவதில்லை. இருந்தாலும் கழுவுவார்.

அன்று கூடுதலாக ஒரு வேலை இருந்தது. மறுநாள் என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, பவானிக்குப் பக்கத்து ஊரில் கல்யாணம். எங்கள் பக்கத்தில் தாலிக்கு முதல் நாள் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளைக்கு இணையாக அவருடைய சகோதரி கூறைப்புடவைக் கூடையோடு நின்றாக வேண்டும். மாமாவுக்குக் கூடப் பிறந்தவள் அம்மா ஒருத்திதான். அதற்காகவே நாலு மாதம் முன்பு ஒரு அரக்குப் பட்டு எடுத்து, இரண்டு முறை உடுத்திப் பார்த்து மடித்து வைத்திருந்தாள்.

அம்மாவும் சீர்த் தட்டுகளும் போகிற வண்டி என்பதால் பெரியப்பா காருக்குப் பூசை போட்டார். சந்தனம் குழைத்துக் கொடுத்தது அம்மா. ஸ்டியரிங்குக்குப் பொட்டு, கண்ணாடிக்குப் பொட்டு, நான்கு சக்கரத்துக்கும் பொட்டு. பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்கு ஒன்று. பேட்டரியின் கம்பிகள் இரண்டையும் கழற்றி, முனைகளைப் பளபளவென்று துடைத்து, ஒவ்வொன்றுக்கும் தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன் மேலேயே கம்பியை மாட்டி முடுக்கினார். அம்மா சமையலறை சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் சொல்லவில்லை.

சொல்லவும் முடியாது. பெரியப்பா அப்பாவின் அண்ணன். கணவனின் அண்ணனோடு நேராகப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தாலும் பேச்சு என் வழியாகத்தான் போய் வரும். சோறு போடவா என்று அம்மா என்னிடம் கேட்பாள். நான் பெரியப்பா பக்கம் திரும்பிக் கேட்பேன். போதும் என்று அவர் என்னிடம் சொல்வார். கேட்டது இரண்டு பேருக்கும் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் திரும்பியாக வேண்டும். பத்து வயதில் எனக்குக் கழுத்து வலித்ததற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்பினேன்.

எமகண்டம் கழிந்ததும் கிளம்பினோம். பெரியப்பா ஓட்டினார். அப்பா முன்னால், நானும் அம்மாவும் தேங்காய், பழத் தட்டுகளோடு பின்னால். மற்றவர்கள் காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். அன்று மாலை ராகு காலம் முடிந்து ஆறு மணிக்கு இணைச்சீர். நேரம் தாராளமாக இருந்தது, ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் மூடும் வரை.

பெரியப்பா எஞ்சினை அணைத்தார். சும்மா நிற்கிற வண்டிக்கு எதற்குப் பெட்ரோல் என்பது அவர் கொள்கை. ரயில் போனது. கேட் திறந்தது. சாவியைத் திருகினார். டிக் என்றது. மறுபடி திருகினார். டிக். பின்னால் ஒரு பேருந்து, இரண்டு லாரி, ஒரு மாட்டு வண்டி. பேருந்து நடத்துநர் இறங்கி வந்தார்.

"ஏனுங் பெரியவரே, வண்டிய இங்கயே குடி வெச்சுப்போட்டீங்ளா?"

அவரும் நாலு பயணிகளுமாகக் காரைப் பின்னுக்குத் தள்ளி, சாலையோர வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுப் போனார்கள். தள்ளியது பெரியப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்படியே முன்னுக்கும் தள்ளிக் கிளப்பிப் பார்க்கலாமா என்று அப்பா கேட்டதற்கு, "சீர் ஏத்துன வண்டியத் தள்ளிக் கெளப்பறதா? ஊரு சிரிக்கோணுமா?" என்று பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தார்.

அந்தக் காரில் எந்த மெக்கானிக்கும் கை வைத்ததில்லை. வைக்க விட்டால் நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு ஓட்டைச் சாமானை மாட்டிவிடுவான் என்று பெரியப்பா சொல்வார். அவர் முதலில் ஆரன் அடித்துப் பார்த்தார். அடித்தது. "பேட்டரி நல்லாருக்குது" என்று அந்த விஷயத்தை அத்தோடு முடித்தார்.

பின் சீட்டிலிருந்து அம்மா, "கண்ணு, பேட்டரிய ஒருக்காப் பார்க்கச் சொல்லு" என்றாள்.

இறங்கி முன்னால் போனேன். "பேட்டரிய ஒருக்காப் பார்க்கோணுமாமா."

"போன மாசம் வாங்குன பேட்டரின்னு சொல்லு. ஆரன் அடிக்குதல்லொ?"

திரும்பி வந்து சொன்னேன்.

"ஆரன் அடிக்கட்டும். கம்பி நல்லாப் புடிச்சிருக்குதான்னு பார்க்கச் சொல்லு."

முன்னால் போனேன்.

"நானே என் கையால தொடச்சு மாட்டுனதுன்னு சொல்லு."

பின்னால் வந்தேன்.

"அதனாலதான் சொல்றேன்" என்றாள் அம்மா. நான் முன்னால் போகக் கால் எடுத்ததும் கையைப் பிடித்து இழுத்தாள். "இதைச் சொல்லாத."

பெரியப்பா பெட்ரோல் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சினார். பெட்ரோல் வந்தது. துப்பினார். அடுத்து பிளக். நான்கையும் கழற்றி, செய்தித்தாளில் வரிசையாக வைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். எஞ்சின் சுற்றவே இல்லை. சுற்றாத எஞ்சினில் பிளக் பொறி விட்டால் என்ன, விடாவிட்டால் என்ன? இது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு முன்னால் போய் நின்று பார்த்தார்.

"அண்ணா, சாவி திருகுனா லைட்டு அணைஞ்சு போகுதுங்."

"வெய்யல்ல லைட்டு அப்படித்தான் தெரியும்."

"சரிங்ணா" என்றார் அப்பா. என் அப்பாவிடம் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது இந்தச் சரிங்ணாதான்.

பிளக்குகள் ஏறின. டிக். இக்னிஷன் காயிலின் கம்பிகளைக் கழற்றி மாட்டினார். டிக். கார்புரேட்டரின் மூடியைத் திறந்து ஊதினார். டிக். ஒவ்வொரு டிக்குக்கும் அம்மா கண்ணை மூடித் திறந்தாள். பட்டின் மடிப்பு வேர்வையில் நசுங்கிக்கொண்டிருந்தது. வாழைப்பழங்கள் கறுக்கத் தொடங்கின.

நாலு மணி வாக்கில் ஒரு மொபெட் எங்களைக் கடந்துபோய், நின்று, திரும்பி வந்தது. சின்ன அப்புச்சி. அம்மாவின் சித்தப்பா. கல்யாணச் சமையலுக்கு ஊத்துக்குளி வெண்ணெய் வாங்க வந்தவர், முன்னால் வெண்ணெய் டின்னோடு இறங்கினார்.

"என்னுங் மாப்ள, வண்டி படுத்துக்கிச்சாட்ட இருக்குது?"

"படுக்கலைங். ஒண்ணொண்ணாப் பார்த்துட்டு வாரனுங்" என்றார் பெரியப்பா.

"செல்ஃப் மோட்டாரத் தட்டுங். தட்டுனாச் சரியாப் போகும்."

பெரியவர் சொன்னதைச் செய்யாமலிருப்பது மரியாதை இல்லை. பெரியப்பா படுத்து, எஞ்சினைச் சுற்றிவிடும் அந்த மோட்டாரை ஸ்பேனரால் தட்டினார். டிக். இன்னும் கொஞ்சம் தட்டுங் என்றார் சின்ன அப்புச்சி. தட்டினார். டிக். இரண்டு பேரும் மாறி மாறி நீங்க பாருங், இல்லைங் நீங்களே பாருங் என்று உபசரித்துக்கொண்டார்கள். டின்னின் மூடியோரம் வெண்ணெய் உருகிக் கசிய ஆரம்பித்தது. எனக்கு அழுகையாக வந்தது.

"புள்ளைய வேணா நான் மொபெட்டுல கூட்டிட்டுப் போயர்றனுங்" என்று அம்மாவைக் காட்டினார் சின்ன அப்புச்சி.

"எங்க ஊட்டுப் பொண்ணு சீர்த் தட்டோட மொபெட்டுலயா வந்து எறங்கறது?" என்றார் பெரியப்பா.

"அதுவுஞ் சரித்தானுங். அப்ப நீங்க மொள்ளப் பார்த்துட்டு வாங். நேரமாச்சுன்னா எம் புள்ளைய நிக்க வெச்சுப்போடுவாங்க. அவளும் தங்கச்சி மொறைதானுங். ஒண்ணும் கொறையில்லைங்."

நல்ல மனதோடுதான் சொன்னார். கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா இறங்கினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக முன்னால் நடந்தாள். நான் ஓடிப்போய், வழக்கம்போல் நடுவில் நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

"மாமா."

அவள் கூப்பிட்டது பெரியப்பாவைத்தான். பானெட்டுக்குள் குனிந்திருந்தவர் அப்படியே இருந்தார். அப்பா விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த கையை எடுக்கவில்லை. அடுத்த ரயில் வருகிறதோ, அதைத்தான் கேட்கிறார்களோ என்று நான் கேட் பக்கம் பார்த்தேன்.

"பேட்டரிக் கம்பியக் கழட்டி, உப்புத்தாள்ல ஒரு தேய்ப்பு தேய்ச்சு மாட்டிப் பாருங் மாமா. எங்கப்பன் ஊட்டு டிராக்டரு இப்படித்தானுங் அடம் புடிக்கும். என்னதான் தொடச்சாலும் துரு ஏறிக்குமுங்."

பெரியப்பா பேட்டரியைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பியைக் கழற்றினார். முழங்கைக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். மஞ்சளாக எதுவோ காய்ந்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதை உள்ளங்கையில் வாங்கி மூடிக்கொண்டார். துரு மஞ்சளாகவும் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னுங் மாப்ள இருந்துச்சு?" என்று சின்ன அப்புச்சி கழுத்தை நீட்டினார்.

"துருங் சித்தப்பா" என்று அம்மா முந்திக்கொண்டாள். "நம்ம டிராக்டர்ல வருமல்லொ, அதே துரு."

சின்ன அப்புச்சி வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். பெரியப்பாவின் மூடிய கையைப் பார்த்தார்.

"ஆமாமா" என்றார். "அந்த டிராக்டரோட நெம்ப ரோதனையல்லொ பட்டோம்."

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் வீட்டில் இருந்தது இரண்டு எருதும் ஒரு பம்ப்செட்டும். ஒவ்வொரு கோடை விடுமுறையும் அங்கேதான் இருப்பேன். "அப்புச்சி ஊட்டுல டிராக்டரு ஏதுங்?" என்றேன். அம்மா என் தோளில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றியிருந்தது.

பெரியப்பா முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, கம்பியை மாட்டி, சாவியைத் திருகினார். எஞ்சின் முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது. சின்ன அப்புச்சி கைதட்டினார். பெரியப்பா யாரையும் பார்க்காமல், சாலையைப் பார்த்து, "ஏறச் சொல்லு" என்றார், என்னிடம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறு தாண்டியிருந்தது. சின்ன அப்புச்சியின் மகள், என் சித்தி, அலங்காரத்தோடு மணைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கூடையை அவள் கையில் கொடுக்க எடுத்துவிட்டார்கள். அம்மா காரிலிருந்து இறங்கியவள் செருப்பைக் கூடக் கழற்றி ஓரம் வைக்காமல், உதறிவிட்டு ஓடினாள். அம்மாவைக் கண்டதும் மாமா சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நசுங்கிய பட்டும் கலைந்த தலையுமாகக் கூடையோடு நின்றாள். பெரியப்பா பந்தலின் கடைசி வரிசையில் நின்று பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் பெரியப்பா முதல் காரியமாக ஒரு கிண்ணம் சந்தனத்தோடு காருக்கு முன்னால் போய் நின்றார். பானெட் திறந்திருந்தது. ஒரு கை நீட்டும் தூரத்தில் அம்மா உட்கார்ந்து மாலைக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். தூக்கம் கலையாமல் அந்தப் பக்கம் போன என்னை அவர் கூப்பிட்டார்.

"அம்மணி, பொட்டு எங்கெங்க வெக்கலாமுன்னு உங்கம்மாகிட்டக் கேளு."

எனக்கு எரிச்சலாக வந்தது. நேற்று நேராகப் பேசிக்கொண்டார்களே, என் வேலை ஒழிந்தது என்றல்லவா இருந்தேன். அதுவும் இத்தனை வருடமாகச் சக்கரம் முதல் கண்ணாடி வரை யாரையும் கேட்காமல் பொட்டு வைத்தவர், இதைப் போய் ஏன் அம்மாவிடம் கேட்கிறார் என்பதும் விளங்கவில்லை. கழுத்தைத் திருப்பினேன்.

"எங்கெங்க வெக்கலாமாமா."

அம்மா பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கண்ணாடிக்கு ஒண்ணு வெச்சாப் போதுமுன்னு சொல்லு, கண்ணு."

திரும்பிச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு ஒன்று வைத்தார். பானெட்டை மூடினார்.