தேடலில் மேலே வந்த உப்பு வயல்

கீழ்வேளூர் பக்கம் எங்கள் வயலில் ஒரு புயலின்போது கடல்நீர் புகுந்துவிட்டது. உப்பை அலசி மறுபடி நெல் விளைவித்ததை என் இணையதளத்தில் எழுதிவைத்தேன். தேடினால் பல பக்கம் தள்ளித்தான் வரும், யாரும் படிக்கவில்லை.

பிறகு தேடுபொறியின் அல்காரிதம், அதாவது எதை முன்னால் காட்டுவது என்று முடிவுசெய்யும் கணக்கு, மாறி, சொந்த அனுபவத்தை எழுதிய தளங்கள் மேலே ஏறின. அது தெரியாமலிருந்த எனக்கு ஒரு காலையில் போன் வந்தது.

"அக்கா, எங்க வயல்லயும் உப்புத்தண்ணி. தேடினதும் நீங்க எழுதினதுதான் முதல்ல வந்துச்சு. நிலத்தை வாங்க ஆள் வந்து நிக்கிறாங்க. நெசமாவே மறுபடி விளையுமா?"

"விளையும்மா. மழைத்தண்ணியைத் தேக்கித் தேக்கி வடிச்சுவிடுங்க. நானே அறுத்திருக்கேன்."

அந்தப் பெண் வாங்க வந்தவர்களிடம், "நிலம் விக்கலைங்க" என்று சொன்னது போனிலேயே கேட்டது.

முகம் தெரியாத யாரோ எங்கோ ஒரு கணக்கை மாற்ற, இங்கே ஒரு வயல் கைமாறாமல் நின்றது. நினைத்தால் இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.