கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு கரெக்‌ஷன்

நம்புகிறவர்கள் நம்புங்கள். இது கதை இல்லை. 2008 தீபாவளி சீசனில், பட்டப்பகலில், எனக்கே நடந்தது.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிசைனர் நான். வேலைக்கு நடுவே வலைப்பதிவும் எழுதுவேன். பதிவுகளுக்குக் கீழே பின்னூட்டம் போட்டு அரட்டையடிக்கும் எங்கள் கும்மி கோஷ்டியில் ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் புனைபெயர்தான், நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. யார் பதிவு போட்டாலும் 'மீ த பர்ஸ்ட்டு' என்று முதலில் வந்து குதிப்பவர் புஸ்வாணம். விஸ்வநத்தம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். பாசக்கார மனுஷன், ஆனால் ஜோக் மட்டும் படு மொக்கையாக இருக்கும்.

எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. மூன்று நாள் பின்னூட்டம் போடாதவருக்கு நான் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் செய்து பதிவில் ஏற்றுவேன். 'செத்தவர்' ஓடி வந்து அதில் கரெக்‌ஷன் சொன்னால் உயிர் வந்துவிட்டதாக அர்த்தம்.

அந்த வாரம் புஸ்வாணத்தைக் காணோம். வெள்ளிக்கிழமை காலை அவருக்குப் போஸ்டர் போட்டேன். 'நமுத்துப்போய் செத்துட்டாரு', 'ரிப்பீட்டேய்' என்று கும்மி களைகட்டியது.

11.20. அவருடைய பின்னூட்டம் வந்தது.

"கரெக்‌ஷன். பேரு புகழேந்தி. செத்தது செவ்வாக்கெழம. பக்கத்துல கோட்டைச்சாமி போட்டோவுக்கும் எடம் விடுங்க. அவரு திங்கக்கெழம வருவாரு."

எல்லாரும் சிரித்தோம். பெயர் சொல்லாத அனானி யாராவது அவர் பெயரில் விளையாடுகிறானோ என்று பெயரைச் சொடுக்கினேன். இல்லை, அவருடைய பக்கம்தான் திறந்தது.

மதியம் இரண்டு மணிக்கு ஒருவர் ஆர்டரோடு வந்தார். கையில் ஒரு போட்டோ.

"கண்ணீர் அஞ்சலி அடிக்கணும் தம்பி. புகழேந்தின்னு எங்க கம்பெனி கணக்குப்பிள்ளை. செவ்வாக்கெழம வெடி விபத்துல போயிட்டான்."

காலையில் வந்த பின்னூட்டத்தை மறுபடி திறந்தேன்.

"நீங்க...?"

"கோட்டைச்சாமி. கூட வேல பாக்கேன்."

பின்னூட்டத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"திங்கக்கெழம வேலைக்குப் போகாதீகண்ணே."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெடிச் சத்தம் இல்லை...

ஆம்புலன்ஸ் இல்லை...

ஆறு மணி அடித்தது. அப்பாடா என்றிருந்தது.

புதன்கிழமை ஒரு அம்மா வந்தார். பொன்னுத்தங்கம், கோட்டைச்சாமியின் மனைவி. கையில் போட்டோ.

"திங்கக்கெழம கம்பெனில ஒரு பொறிகூட விழல தம்பி. இவுக வேலைக்குப் போகாம வீட்ல கெடந்தாக. பொழுது போகலன்னு சாத்தூருக்கு வண்டில கெளம்புனாக. லாரிக்காரன் அடிச்சுட்டுப் போயிட்டான்... போகாதன்னு எந்தப் பாவி சொன்னானோ!"

போட்டோவை வாங்கி ஸ்கேனரில் வைத்தேன்.