மலை ஏறாத காருக்கு மலை செட்டிங்

போன வாரம் சித்தூரில் கிரேஸ் அக்கா வீட்டுக் கேட்டைத் திறந்ததுமே பெட்ரோல் நாற்றம். உள்ளே பருப்பு தாளிக்கிற வாசனையையும் மீறி!

அக்கா ரிட்டயர்டு நர்ஸ். அறுபத்தாறு வயது. இரண்டு முட்டியும் போய்விட்டது. பஸ் படி ஏற முடியாது. அவர் வெளியே போவதென்றால் ஒரே வழிதான் — வண்டு மாதிரி முதுகு வளைந்த அவருடைய பழைய ஜெர்மன் கார். இன்ஜின் பின்பக்கம். ரேடியேட்டர், தண்ணீர் எதுவும் கிடையாது. காற்றுதான் இன்ஜினைக் குளிர வைக்கும்.

"விக்கப் போறேன்டா," என்றார். "ஞாயித்துக்கெழம பெங்களூர்லருந்து ஆள் வருது. புள்ள பேசி முடிச்சிட்டான். வண்டியோட எரிஞ்சி போனா யார் பதில் சொல்றதுன்னு கத்தறான்."

"என்னக்கா ஆச்சு?"

"திருப்பதில ஒரு ஷெட்ல உட்டேன். கார்புரேட்டர கழட்டி கழுவிக் குடுத்தான். அன்னிலருந்து நாத்தம், கறுப்புப் புகை. திரும்பப் போய்க் கேட்டா, இன்ஜின் போச்சும்மா, பழைய வண்டி அப்படித்தான்றான்."

பழைய வண்டி அப்படித்தான்! முட்டி வலி என்று போனால் வயசானா அப்படித்தான் என்கிற டாக்டருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? பார்க்காமலே தீர்ப்பு.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். லாரி கிளீனர், நகரியில் பவர்லூம், பலமனேர் சந்தையில் தக்காளிக் கூடை... நடுவில் மூன்று வருடம் ஒரு ஜீப் ஷெட்டிலும் கிடந்தேன். அங்கே பிடித்த பெட்ரோல் தீயின் தழும்பு இடது கையில் இருக்கிறது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தேன். அதனால் பெட்ரோல் நாற்றம் என்றால் எனக்கு விளையாட்டில்லை.

கார்புரேட்டருக்குள் ஒரு குட்டித் தொட்டி உண்டு. அதில் ஒரு மிதவை. உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் பந்து ஏறிக் குழாயை மூடுகிறதே, அதே வேலைதான். மிதவை ஏறினால் ஊசி வால்வு மூடும். அந்த வால்வுக்கு அடியில் ஒரு வாஷர். வாஷர் தடித்தால் பெட்ரோல் லெவல் இறங்கும், மெலிந்தால் ஏறும். அவ்வளவுதான் ரகசியம்.

அக்கா தெரு சரிவு. சாய்ந்து நிற்கிற வண்டியில் லெவல் பார்ப்பதும் ஒன்று, பார்க்காமல் இருப்பதும் ஒன்று. சர்ச் காம்பவுண்டில் பேட்மின்டன் ஆட சிமென்ட் தரை போட்டிருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்யாமல் நாலு பேர் அங்கே தள்ளிக்கொண்டு போனோம். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொண்டு ஒரே நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, கார்புரேட்டர் மூடியைக் கழற்றித் தொட்டிக்குள் ஸ்கேலை விட்டேன்.

விளிம்பிலிருந்து பத்தொன்பது மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டிய பெட்ரோல், பத்தில் நின்றது! சூடான இன்ஜின் மேல் இத்தனை நாளாக வழிந்திருக்கிறது. வால்வைக் கழற்றினால்... வாஷர் காகிதம் மாதிரி.

ஷெட்காரருக்குப் போன் போட்டேன்.

"வாஷர ஏன்யா மாத்தின?"

"கொண்ட எக்காலி கதண்ணா!" என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார். "மல ஏறணும்னா பெட்ரோல் ஜாஸ்தி வேணும்ல? இங்க வர்ற பழைய வண்டிக்கெல்லாம் மல செட்டிங்தான் வெப்போம்."

"அந்தம்மா சித்தூர் சர்ச்சுல மெம்பர்யா. சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் போற வண்டி. எந்த மலை ஏறப் போகுது?"

அவர் விடவில்லை.

"திருப்பதிக்கு வந்த வண்டி மல ஏறாம போவுமாண்ணா?"

எனக்கு வந்த கோபத்துக்கு போனைக் கிணற்றில் போட்டிருப்பேன். மலை ஏறுகிற வண்டிக்கே இது தப்பு. ஏற்றத்தில் தொட்டி சாய்ந்தால் இன்னும் அதிகமாக அல்லவா வழியும்? சரி, தெரியவில்லை. ஆனால் வண்டி எங்கே போகிறது என்று ஒரு கேள்வி? கேட்க எத்தனை நொடி ஆகும்?

எங்கே போனாலும் இதே கதைதான். நாம் வாயைத் திறக்கும் முன்பே நமக்கு என்ன வேண்டும் என்று எதிரில் இருப்பவர் முடிவு செய்துவிடுகிறார். அது தப்பாகிப் போனால்? பழி நம் வயசு மேல்!

அக்காதான் சரியாகச் சொன்னார். "நாப்பது வருஷம் நர்ஸா இருந்தேன். ஊசி போடறதுக்கு முன்ன பேர கேட்டுக்கினுதான் போடுவேன். இவன் நான் எந்த ஊருன்னுகூட கேக்கலியே!"

பம்ப்செட் கடையில் தடித்த செப்பு வாஷர் ஒன்று கிடைத்தது. உப்புத்தாளில் தேய்த்து, மாட்டி, அளந்து, மறுபடி கழற்றித் தேய்த்து... மூன்றாவது தடவை பத்தொன்பதில் நின்றது. புகை இல்லை. நாற்றம் இல்லை. அக்கா இன்ஜின் மூடியைத் திறந்து முகத்தை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். இரண்டு தடவை.

ஞாயிற்றுக்கிழமை காரை வாங்க பெங்களூர்க்காரர் பஸ்ஸில் வந்தார். அக்கா காபி கொடுத்தார். "ஒரு ரவுண்டு போலாம் ஏறுங்க தம்பி" என்று முன்சீட்டில் உட்கார வைத்து, தானே ஓட்டினார். பஸ் ஸ்டாண்டு வாசலில் நிறுத்தி, "பெங்களூர் பஸ் அதோ நிக்குது பாருங்க" என்றார்.

இன்ஜினை அணைக்கக்கூட இல்லை.