பைக்கு எதற்கு ஒரு வாசல்

காரைக்காலில் மலை இல்லை. அரசலாற்றுப் பாலத்தில் சைக்கிள் மிதித்து ஏறும்போது கொஞ்சம் மூச்சு வாங்கும், எங்களுக்குத் தெரிந்த ஏற்றம் அவ்வளவுதான். அதனால் எங்கள் பக்கத்து மனிதர்கள் மலை ஏறுகிறார்கள் என்றால் மேலே ஒரு சாமி இருக்கும், ஏறுகிறவர் மனதில் ஒரு வேண்டுதல் இருக்கும். பிள்ளைக்கு வேலை கிடைக்க வேண்டும், ஆபரேஷன் நல்லபடியாக முடிய வேண்டும், இப்படி ஏதாவது. சாமியும் இல்லாமல் வேண்டுதலும் இல்லாமல் மலைக்குப் போய் வந்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் தெருவே நினைக்கும்.

என் கணவர் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, அலுவலக நண்பர் ஒருவர் சேர்த்துவிட்ட நடைக்குழுவோடு மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனார். காட்டில் நடந்து, டென்ட்டில் தூங்கி, கால் வீங்கித் திரும்பி வந்தார். தெருவில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன வேண்டுதல்?" நானும் அதைத்தான் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல, சும்மாதான் போனேன்" என்றார்.

இந்தச் 'சும்மா'வை நான் நம்புவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தேகப் புத்தி. அலுவலகத்தில் என் வேலையே மற்றவர்கள் கொண்டுவரும் பில்களைச் சரிபார்ப்பதுதான். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து உள்ளே பார்க்காமல் வாங்க மாட்டேன். யாராவது என் புடவை நன்றாக இருக்கிறது என்றால், இவருக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பேன். "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்மா" என்பாள் மகள். அவள் கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். சந்தேகப்படுவதற்கு மிச்சம் இருந்தது அவர் ஒருவர் மட்டுமே.

அந்த முதல் பயணத்தில் அவர் சுமந்துபோனது வாடகை டென்ட். பூவம் தாண்டியதும் தமிழ்நாட்டு எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். காரைக்காலிலிருந்து பெரிய பையோடு போகிறவர்களைப் பார்த்தாலே மலிவு விலைச் சாராய பாட்டில் நினைப்புதானே வரும்? பையின் மேல் கட்டியிருந்த தடித்த சுருட்டை அவிழ்த்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். "மொத்த பஸ்ஸும் என்னையே பாக்குது" என்று வருத்தத்தோடு சொன்னார். எனக்கு அந்தக் காவலர் மேல் மரியாதைதான் வந்தது.

அந்தச் சுருட்டின் கனம் தோள்பட்டை இரண்டிலும் சிவப்பாகத் தடம் போட்டிருந்தது. தைலம் தேய்த்துவிட்டபடியே, "போனது போதும்" என்றேன். "போறதுல தப்பில்ல, டென்ட்டுதான் கனம். லேசா ஒண்ணு சொந்தமா வாங்கிடணும்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது.

மனிதர் போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு என்னைப் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார். குச்சி தனியாக வருவதா, நடக்கும்போது ஊன்றுகிற கோலையே டென்ட்டுக்கும் முட்டுக் கொடுப்பதா? துணி ஒரு அடுக்கா, இரண்டா? ஒரு அடுக்கு லேசு, ஆனால் உள்ளே மூச்சுக் காற்று பட்டு விடிவதற்குள் வேர்த்து நனைந்துவிடும். அவர் நெடுங்காட்டு விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அறுத்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் குவியல் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். "நெல்லாவது மொளச்சிப் போவும், நான் என்ன ஆவேன்?" என்று சிரித்தார். ஆக, இரண்டு அடுக்கு என்று முடிவானது.

இதையெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஆர்வத்தில் இல்லை, கண்காணிப்பில். கம்பெனிக்காரர்கள் எடையில் செய்யும் தந்திரத்தைக் கண்டுபிடித்ததே நான்தான். பெரிய எழுத்தில் ஒரு எடை போடுகிறார்கள், அதில் முளைக்குச்சியும் உறையும் சேராது. எல்லாம் சேர்ந்த எடை கீழே சின்ன எழுத்தில் இருக்கும். எலும்பு நீக்கிய எடையைச் சொல்லி முழுக்கோழியை விற்பதுபோல. அவருக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

பிறகுதான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது எல்லாமே இரண்டு பேர் படுக்கிற டென்ட்.

"நீங்க ஒரு ஆளுதானே போறீங்க?" என்றேன்.

"கம்பெனி சொல்ற ரெண்டு பேருங்கிறது நெத்திலிக் கருவாடு அடுக்குற மாதிரி. நெசத்துல ஒரு ஆளும் ஒரு பையும்தான் கொள்ளும்."

சரி, ஒத்துக்கொள்ளலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று நானும் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் இரண்டு நாள் கழித்து இன்னொன்று பிடிபட்டது. ஒரு வாசல் வைத்த டென்ட்டுகளை அவர் வரிசையாகத் தள்ளிக்கொண்டே வந்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு வாசல் இருந்தால்தான் விரலை நிறுத்துகிறார். இரண்டு வாசல் என்றால் ஜிப் கூடுதல், துணி கூடுதல், கனமும் கூடுதல். லேசுக்காக அலைகிற மனிதர், பல் தேய்க்கும் பிரஷின் காம்பைக்கூடப் பாதியாக நறுக்கியவர், இந்தக் கனத்தை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறார்?

"ஒரு வாசல்ல நீங்க போவீங்க. இன்னொரு வாசல்ல யாரு போறது, பையா?"

"காத்து வரும்ல" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காற்று வர ஜன்னல் போதும். வாசல் என்பது ஆள் போய்வருவதற்கு. அவர் குழுவில் பெண்களும் உண்டு. மலை உச்சியில் எடுத்த படத்தில் தொப்பி போட்ட ஒரு பெண் இவருக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். அந்தப் படத்தை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு பக்கம் அந்தத் தொப்பி. இன்னொரு பக்கம், ஏதாவது வியாதியை மறைத்துக்கொண்டு ரகசியமாக வேண்டிக்கொண்டிருக்கிறாரோ என்ற பயம். அவருடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பிரஷர் மாத்திரைதான் இருந்தது, பழைய அளவுதான். அப்படியானால் தொப்பிதான் என்று மனம் திரும்ப அங்கேயே போய் நின்றது. மகள் போன வீட்டில் மிஞ்சியது இரண்டு பேர். அதில் ஒருவர் வேறு யாருக்கோ இடம் பார்க்கிறார் என்றால் எனக்கு என்ன மிச்சம்? வெட்கத்தை விட்டுச் சொன்னால், பயந்துபோனேன்.

பயத்தை நான் பயமாகக் காட்டுவதில்லை, கணக்காகத்தான் காட்டுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அவரை உட்கார வைத்தேன். ஒரு ஆள் டென்ட், ஒரு வாசல், எல்லாம் சேர்ந்த எடை இவ்வளவு. இரண்டு ஆள் டென்ட், இரண்டு வாசல், எடை இவ்வளவு. பையை டென்ட்டின் வெளித்துணி மறைப்புக்குள் வைத்தாலே நனையாது. தோள் வலி யாருக்கு? தைலம் தேய்ப்பது யார்? "ஒரு ஆளு போறதுக்கு ஒரு ஆளு டென்ட்டுதாங்க நியாயம். ரெண்டு ஆளு டென்ட்ட நீங்க சுமக்கிறதுல அர்த்தமே இல்ல" என்று முடித்தேன். அலுவலகத்தில் இப்படி ஒரு பில்லை மடக்கினால் எதிரில் நிற்பவர் வியர்த்துவிடுவார். அவர் வியர்க்கவில்லை. போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு உள்ளதே போதுங்கிற?"

"அதுதான் போதும்."

"சரி" என்றார். அப்போதே போனில் ஒரு ஆள் டென்ட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

டென்ட் வந்த அன்று வாசலில் திருவேட்டக்குடி மீன்கார அம்மா நின்றிருந்தார். அவரிடம் தொங்கவிடும் மின் தராசு இருக்கிறது. அதில் டென்ட்டை நிறுத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. முதலில் தராசைச் சோதிக்க உள்ளே போய் ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை எடுத்துவந்து மாட்டினேன்.

"ஏம்மா, எங்கிட்ட இத்தினி வருசமா மீனு வாங்குறீங்க, என்னைக்காவது சக்கரப் பாக்கெட்டு தூக்கிட்டு வந்தீங்களா?"

"இனிமே வருவேன்."

"உங்களோட குடும்பம் நடத்துற ஐயாவுக்கு கோயிலு கட்டிக் கும்பிடணும்" என்று சொல்லிவிட்டு அவர் டென்ட்டை மாட்டினார். சின்ன எழுத்தில் போட்டிருந்த எடைதான் காட்டியது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மறுநாள் மொட்டை மாடியில் டென்ட்டை விரித்தார். சிமெண்டுத் தரையில் முளை இறங்காது என்பதால் செங்கல்லில் கயிறு கட்டி நிறுத்தினார். துணி அவ்வளவு மெல்லிசு, கடல் காற்றுக்கு உப்பி உப்பித் தணிந்தது. இது மழைக்குத் தாங்கும் என்று கம்பெனி சொன்னால் ஆயிற்றா? தோட்டத்துக் குழாயை மேலே இழுத்துவந்து நான் தண்ணீரைப் பீய்ச்சினேன். "புதுசும்மா, மெதுவா" என்று அவர் சொல்லச் சொல்ல, தையல் ஒவ்வொன்றையும் நனைத்தேன். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

அவர் கீழே டீ போடப் போன நேரத்தில், நெடுங்காட்டிலிருந்து அவருடைய தங்கை புது அரிசி கொண்டுவந்தவள் மாடிக்கு ஏறி வந்தாள். துணியை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"இத நம்பி நெல்ல மூட முடியாது அண்ணி" என்றாள். பிறகு குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "இதுல எப்படி ரெண்டு பேரு படுப்பீங்க?"

"ரெண்டு பேரா? யாரு?"

"நீங்களும் அண்ணனும்தான். ரெண்டு வாசல் உள்ளதா பாத்துக்கிட்டிருக்கேன்னு அறுப்புக்கு வந்தப்ப சொன்னாரே. ராத்திரி நீங்க எழுந்து எழுந்து போவீங்களாம். ஒரு வாசல்னா அவரைத் தாண்டிக்கிட்டு போவணும், பாவம், அவ கஷ்டப்படுவான்னு சொன்னாரு. ஏன் அண்ணி, மாத்திட்டாரா?"

இவளாகவே கதை கட்டுகிறாளோ என்று ஒரு நொடி யோசித்தேன். ஆனால் எனக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து ராத்திரியில் எழுந்து போவது அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மகளிடம்கூடச் சொன்னதில்லை. இதை யாரும் கட்டிச் சொல்ல முடியாது. வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாகச் சரிபார்த்த விஷயம் வேறு இல்லை, இவ்வளவு வலித்ததும் இல்லை.

அவள் போன பிறகு மாடியில் அவர் குச்சிகளை மடக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது வாசல் எனக்கா?"

"அவ வாயில எதுவும் நிக்காதே" என்றார்.

"ஏங்க, எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா, மேல என்ன கோயில்னு கேப்ப, என்ன வேண்டுதல்னு கேப்ப. சும்மா வான்னு கூப்பிட்டா நீ எப்ப வந்திருக்க? வாங்கி இங்க போட்டு, ஒரு தடவ உள்ள படுக்க வச்சிட்டுக் கேக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீயே ஒரு ஆளுதான் நியாயம்னு கணக்கு போட்டுக் காமிச்ச. வர இஷ்டம் இல்ல, அத மூஞ்சிக்கு நேரா சொல்லாம சுத்தி வளைச்சி சொல்றன்னு புரிஞ்சிக்கிட்டேன்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் காட்ட ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. "இத திருப்பி அனுப்பிடுங்க. நீங்க பாத்ததையே வாங்கலாம்" என்றேன்.

"தண்ணி பட்டத எடுத்துக்க மாட்டாங்க" என்றார். நான் பீய்ச்சிய தண்ணீர் துணியின் விளிம்பிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. பையில் டென்ட் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு அடக்கமாக உட்கார்ந்துவிட்டது. பூவத்தில் இந்த முறை யாரும் அவிழ்க்கச் சொல்ல மாட்டார்கள். தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா லேசு. நீ சொன்னதுதான் சரி" என்றார். அவர் வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அடுத்த தடவ நானும் வர்றேங்க."

அவர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "கோயில் ஒண்ணும் கிடையாது, பாத்துக்க" என்றார்.

"பரவாயில்ல, சும்மா வர்றேன்."

"அப்ப இதே மாதிரி இன்னொண்ணு வாங்கிட்டாப் போச்சு. ஆளுக்கு ஒண்ணு. நீ சொன்ன மாதிரி சுமையும் பிரிஞ்சிடும்."

கிண்டல் இருக்கிறதா என்று அவர் முகத்தைத் தேடினேன். துளியும் இல்லை. என் கணக்கை என்னைவிட நன்றாக நம்பியிருந்தார்.

"சரி" என்றேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.