ரெசிலியன்ஸ் என்று கூப்பிட்டபோது...

அணைந்த மெழுகுவர்த்தியின் புகை வாசனை வந்தால் இன்றும் எனக்குக் கை மயிர் சிலிர்க்கிறது...

தொண்ணூறுகளின் தொடக்கம். சேலையூரில் எங்கள் சர்ச் ஹாலில் நானும் சுமதியும் மெர்சியும் பேங்க் பரீட்சைக்குப் படித்தோம். சாயங்காலமானால் கரண்ட் போய்விடும். ஆல்டரில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகள்தான் துணை.

இங்கிலீஷ் மண்டையில் ஏற ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். குலுக்கி எடுக்கும் சீட்டில் வரும் வார்த்தைதான் மறுநாள் வரை அவரவர் பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வார்த்தையின் மூலப் பொருளைப் பதிலாகச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் எனக்கு ‘வைவேஷியஸ்’ வந்தது. லத்தீனில் வாழ்வது. சுமதிக்கு ‘அனிமேட்டட்’. மூச்சு, உயிர்.

மெர்சிக்கு ‘ரெசிலியன்ஸ்’. திரும்பக் குதிப்பது.

“வீசிங் வெச்சிக்கிட்டு நான் எங்கடி குதிக்க?” என்று இழுத்து இழுத்துச் சிரித்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தது எங்களுக்குத் தெரியாது. கரண்ட் போனதும் சுமதியை “அனிமேட்டட்” என்று கூப்பிட்டேன், பதில் சொன்னாள். வாய்ப்பழக்கத்தில் “ரெசிலியன்ஸ்” என்றும் கூப்பிட்டுவிட்டேன்.

மெர்சியின் காலி நாற்காலியிலிருந்து பதில் வந்தது... அதே இழுப்போடு, மெதுவாக.

“திரும்பக்... குதிக்கிறது.”

மெழுகுவர்த்தி அணைந்தது.

“யாருடி அது?” என்றாள் சுமதி. அவளுக்கும் கேட்டிருக்கிறது! செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினோம்.

பிறகு விஷயம் தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தச் சாயங்காலம் எல்லோரும் நம்பிக்கையை விட்டுவிட்டார்களாம். நாங்கள் வாயைத் திறக்குமுன் மெர்சி என்னைப் பார்த்துக் கோபமாகக் கேட்டாள்.

“ஏன்டி கூப்பிட்ட? நிம்மதியா போய்ட்டு இருந்தேன்... பாதியில திரும்ப வேண்டியதாப் போச்சு.”

அதோடு அந்த விளையாட்டை விட்டுவிட்டோம்.

இன்று போனைத் தட்டினால் எந்த வார்த்தைக்கும் பூர்வீகம் வந்து விழுகிறது. என் மகள் படித்துவிட்டு அடுத்த நிமிஷமே மறந்துவிடுகிறாள். ஒரு வார்த்தையை ஒருநாள் முழுக்கப் பெயராகச் சுமந்தோம் என்றால் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பயமில்லாமல் படிக்கிறாள், அது நல்லதுதான்.

போன மாதம் பள்ளிக்கரணையிலிருந்து மெர்சியின் கணவர் பேசினார்.

“சிஸ்டர், மெர்சிக்கு நினைவே இல்ல. டாக்டர் இன்னிக்குத் தாண்டாதுங்கறாரு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லி வெச்சிருந்தா... இந்தத் தடவ கூப்பிட வேணாமாம்.”

வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயை இறுகப் பொத்திக்கொண்டேன்.

அவளை அடக்கம் செய்து திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.