காக்காப்பூ விடுபட்ட பிளான்

1. மூன்றாவது சரிவு

டிரெயினின், அதாவது வடிகாலின், கரை மூன்றாவது தடவையும் அதே நாற்பதடியில்தான் சரிந்தது. மூணாற்றுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் நான் டிராப்ட்ஸ்மேன் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பேக்டரி அடுப்புக்கு விறகாக யூகலிப்டஸ் நட வேண்டும். அதற்காக இரண்டு தேயிலைச் சரிவுகளுக்கு நடுவிலிருந்த சதுப்பை வடிக்க வேண்டும். சர்வேயும் பிளானும் என் வேலை. வெட்டுவது மேஸ்திரி சுடலைமுத்துவின் ஆட்கள்.

பீல்டு ஆபீசர் வந்து பார்த்தார். "பிளான் நேராத்தான் இருக்கு சுடலை, உன் வேலைதான் கோணல். சனிக்கிழமைக்குள்ள கரை நிக்கலைன்னா மேஸ்திரி வேலை வேற ஆளுக்கு. நீ கூடையை மாட்டிக்கிட்டுக் கொழுந்தெடுக்கப் போயிரு."

"மண்ணு நிக்க மாட்டேங்குது சார். நான் கட்டிப் புடிச்சுக்கிட்டா நிக்க முடியும்?"

சுடலைமுத்துவைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

2. பாப்பம்மாள் சொன்னது

நான் சரிபார்த்தவை: லெவல், ஆழம், ஓட்டம், கரையின் சாய்வு. நான்கும் சரி. மேலே கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பாப்பம்மாள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, காக்காப்பூ பூத்த எடத்துல நாங்க மாட்டையே விட மாட்டோம், புதைஞ்சிரும். நீங்க மனுசங்கள எறக்கி விட்டிருக்கீக."

அப்போதுதான் கவனித்தேன். சரிந்த நாற்பதடி நெடுக, புல்லுக்கு நடுவே விரல் உயரத்தில் ஊதாநீலப் பூக்கள். மற்ற இடத்தில் ஒன்றுகூட இல்லை. நான் சர்வே செய்தது பிப்ரவரியில். அப்போது அந்தச் செடியே கண்ணில் படாது. பிளானில் அந்த இடத்துக்கு 'புல்' என்று எழுதியிருந்தேன்.

3. பத்தடி

தப்பு பிளானில்தான், மேஸ்திரி மேல் இல்லை என்று ஆபீசரிடம் சொன்னேன்.

"பூவுக்காக டிரெயினை வளைக்கணுமா? நாளைக்குத் தவளைக்குப் பாலம் போடச் சொல்லுவீங்க."

"பூ இருக்குற எடத்துல அடியில தண்ணி வத்தாது சார். கரை எப்பவும் நிக்காது."

பூவின் ஓரத்திலிருந்து பத்தடி தள்ளிப் புதுக் கோடு போட்டேன். கரை நின்றது. சுடலைமுத்து மேஸ்திரியாகவே இருந்தார்.

அடுத்த வருடம் டேப் பிடித்துப் பூப்பரப்பை அளந்தேன். பாதியாகச் சுருங்கியிருந்தது. டிரெயின் பக்கவாட்டில் தண்ணீரை இழுத்துவிட்டது. கரை நிற்கப் பத்தடி போதும். பூ நிற்கப் போதாது. அந்த இரண்டாவது கணக்கை நான் போடவே இல்லை.

இப்போது சதுப்பு என்றால் பூக்கும் மாதத்திலும் ஒருமுறை போய்விடுகிறேன். முதல் முளைக்குச்சியை அடிப்பது பூவின் ஓரத்தில். டிரெயின் கோடு அதற்கு அப்புறம், எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளி. ஆபீசர் முகம் சுளித்தால், தூரம் ஏறக்குறையச் சரி.