மலையடியில் காத்து நின்றவள்

போன வருடம் ஜனவரி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டியபடி அண்ணையோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தேன். அண்ணை நோர்வேயின் வடகோடியில், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கே போன நம்மவர்கள் பலர் தெற்கே இறங்கிவிட்டார்கள். அவரும் அண்ணியும் மட்டும் அசையவில்லை.

அன்று யன்னலுக்கு வெளியே காட்டினார். மழை கொட்டுகிறது. "பரவாயில்லையே, உங்களுக்கும் குளிர் விட்டிட்டுது" என்று சிரித்தேன். லண்டன்காரிக்கு அவ்வளவுதான் புத்தி.

"சிரிக்காதை தங்கச்சி. முந்தி இந்த மாதத்திலை மழையே இல்லை. இப்ப பனிக்கு மேலை மழை பெய்யுது. மலையிலை இருக்கிற பனியெல்லாம் இளகி ஊருக்கு மேலை சரியப் பாக்குது" என்றார்.

அதனால் குளிர்காலம் முழுக்க வாசலில் ஒரு பை கட்டித் தயாராக வைத்திருப்பார்களாம். வெளியேறச் சொல்லி போனில் செய்தி வந்தால், ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவேண்டும். அந்த வீட்டார் வெளியே வரும்வரை தட்டியவர் நகரக்கூடாது. இது ஊரார் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

சொல்லி வாய் மூடவில்லை, அங்கே யாரோ கதவை இடித்தார்கள். பக்கத்து வீட்டு நோர்வேக்காரப் பெண். அண்ணை போனை மேசையில் போட்டுவிட்டுப் பையை எடுக்க வாசலுக்கு ஓடினார். எனக்குக் கூரை மட்டும்தான் தெரிந்தது. அப்போது அண்ணியின் குரல் கேட்டது. "பொறுங்கோ, என்ரை தாலிக்கொடி அலுமாரிக்குள்ளை!"

எங்கள் பெண்கள் பலரும் அப்படித்தான். கனத்த கொடியை விசேஷங்களுக்கு மட்டும் போட்டுவிட்டு, மற்ற நாட்களில் பூட்டி வைப்போம். திறப்பு எங்கே என்று அந்த அவசரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்! அண்ணி பின்னறைக்கு ஓடினார். "அண்ணி, விட்டிட்டு ஓடுங்கோ! கொடி பிறகு செய்யலாம்!" என்று நான் இங்கே தொண்டை கிழியக் கத்துகிறேன். யார் கேட்டது?

அந்தப் பெண் வாசலில் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள், போகவில்லை. பிறகு சப்பாத்தோடு தடதடவென்று உள்ளே வந்தாள். "ஐயோ, விடு!" என்று அண்ணி அலறினார். இழுத்துக்கொண்டு போகிறாள் என்று விளங்கியது. கதவு அடித்துச் சாத்தப்பட்டது. கொஞ்ச நேரம் வெறும் கூரை. திடீரென்று பெரிய இரைச்சல், படம் ஆடியது, போன் செத்துவிட்டது.

அண்ணையின் நம்பரை அழுத்தினேன். திரும்பத் திரும்ப எடுத்தேன். பதிவுசெய்த குரல் ஏதோ நோர்வே மொழியில் சொன்னது. பிள்ளையாரே என்பதைத் தவிர வாயில் வேறொன்றும் வரவில்லை.

கடைசியில் தெரியாத நம்பர் ஒன்றிலிருந்து அழைப்பு. "இருக்கிறம் தங்கச்சி, ரெண்டு பேரும் இருக்கிறம்." அந்தப் பெண்ணின் போனில், பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து அண்ணை பேசினார். சரிந்து வந்த பனி, அண்ணி திறப்புத் தேடிய அறையை அப்படியே நசுக்கிவிட்டதாம். நான் நிலத்தில் உட்கார்ந்து அழுதேன்.

லண்டனுக்கு வந்துவிடுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். அதே ஊரில் வேறு வீட்டுக்குத்தான் போனார்கள். அங்கே மலையடி இல்லாத வீடு ஏது? போன கிழமை அண்ணி சொன்னார்: "வரேலாது மச்சாள். இந்த முறை பக்கத்து வீட்டுக் கதவு என்ரை பொறுப்பு. அங்கை ஒரு வயசான மனுசன் தனிய இருக்கிறார், காதும் கேளாது."

அந்த மனிதர் வெளியே வரும்வரை அண்ணி மலையடியில் நிற்பார் என்று நினைத்து, அங்கே மழை என்றாலே போன் எடுத்துவிடுகிறேன். ஆனாலும் நிற்காதேங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்படி ஒருத்தி நின்றதால்தானே எனக்கு இன்றைக்கு அண்ணி இருக்கிறார்.